எழுத்தை முதலில் உருவமாக்குங்கள்: தமிழ்த் தலைப்புகளுக்கு மாஸ்க் அசைவு

'தரமான' என்ற சொல்லைத் திரையின் அடியிலிருந்து மேலே எழுப்பிக் காட்டுகிறீர்கள். மறைக்கும் பெட்டியின் கீழ் விளிம்பு ஆங்கில எழுத்துக்கு வைத்த இடத்திலேயே இருக்கிறது. ர-வின் வால் வெட்டுப்படுகிறது. வால் போன ர, துணைக்கால்தான். திரையில் இப்போது இருப்பது 'தாமான'. வேகம் சரி, வண்ணம் சரி, அசைவும் அழகு. சொல் மட்டும் தவறு.

மும்பையில் செய்யப்படும் தமிழ் விளம்பரங்களுக்குள் இந்தப் பிழை எந்த வழியாக வருகிறது என்பது தெரிந்ததே. அந்தேரியிலோ மலாடிலோ ஒரு ஸ்டுடியோவில் இந்தி, ஆங்கில மூலப் பதிப்பு முடிந்திருக்கும். காட்சிகளை நேர வரிசையில் அடுக்கிய அதே டைம்லைனைத் திறந்து, இந்திச் சொல்லை எடுத்துவிட்டுத் தமிழ்ச் சொல்லை ஒட்டி, அடுத்து தெலுங்கு, அடுத்து கன்னடம் என்று ஒரே மூச்சில் முடித்து அனுப்ப வேண்டும். தமிழ் படிக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் பிழை பிடிபடும். இல்லையென்றால் அப்படியே வெளியே போய்விடும். தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருந்துகொண்டு பொங்கல் விழா அழைப்பு, கடைத் திறப்பு விழா, பள்ளி ஆண்டு விழா என்று வீடியோ செய்கிற தமிழ்ப் பிள்ளைகள் பலர் கற்பதும் ஆங்கில, இந்திப் பாடங்களிலிருந்துதான். அந்தப் பாடங்களில் கருவி சரியாகச் சொல்லித்தரப்படுகிறது. தமிழ் எழுத்துக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்பது மட்டும் அங்கே இருக்காது. அதற்காகவே இந்தக் கட்டுரை. பெரும்பகுதி அசைபட மென்பொருளான அடோபி அனிமேட்டை வைத்தும், மென்மையான விளிம்பும் கையெழுத்து அசைவும் வேண்டிய இடத்தில் அதே நிறுவனத்தின் வீடியோ மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸை வைத்தும் சொல்கிறேன்.

மார்கழியில் வாசலில் கோல அச்சு வைப்பவர்களுக்கு மாஸ்க் புதிய சங்கதி இல்லை. தகட்டில் ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும்தான் மாவு விழும். அனிமேட்டில் லேயர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் தாள். மேலே இருக்கும் மாஸ்க் லேயர்தான் தகடு, அதன் கீழே உள்ளே தள்ளி நிற்கும் லேயர்தான் மாவு. குழப்பம் ஒரே இடத்தில்தான்: தகட்டில் நீங்கள் வண்ணம் பூசி வரைந்த உருவம்தான் ஓட்டையாகிறது. வரையாமல் விட்ட இடம் எல்லாம் மறைக்கும். முதல் நாளில் எல்லோரும் இதைத் தலைகீழாக நினைத்துக்கொள்வார்கள்.

இதிலிருந்து இரண்டு வேலைகள் பிறக்கின்றன. எழுத்தே ஓட்டையாக இருந்து அதற்குள் படம் ஓடுவது ஒன்று. ஒரு செவ்வகமோ வட்டமோ ஓட்டையாக நகர, அதன் வழியாக எழுத்து வெளிப்படுவது இன்னொன்று. இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: தட்டச்சு செய்த தமிழை வெறும் உருவமாக மாற்றுவது.

ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 'பொங்கலோ' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது 4 எழுத்து: பொ, ங், க, லோ. யூனிகோடில் கணினி அதை 7 குறியீடுகளாகச் சேமிக்கிறது: ப, ஒகரக் குறி, ங, புள்ளி, க, ல, ஓகாரக் குறி. திரையில் கண்ணுக்குத் தெரியும் துண்டுகளோ 8: ஒற்றைக் கொம்பு, ப, கால், ங், க, இரட்டைக் கொம்பு, ல, கால். புள்ளியைத் தனியாக வைத்திருக்கும் எழுத்துரு என்றால் 9. எழுத்து எழுத்தாக வெளிப்படுத்தும் எந்த ஆயத்த அசைவும் இந்தக் குறியீட்டு வரிசையைத்தான் எண்ணிக்கொண்டு போகும். முதலில் ப வரும். அடுத்த நொடித்துளியில் அந்த ப வலப்பக்கம் தள்ளப்பட்டு, அதற்கு இடப்பக்கம் கொம்பும் வலப்பக்கம் காலும் முளைக்கும். ங வந்து நின்ற பிறகு அதன் தலையில் புள்ளி விழும். சொல் தானாக எழுதப்படுவது போல இருக்காது, துள்ளித் துள்ளித் தடுமாறுவது போல இருக்கும். கையால் எழுதும்போது நாம் கொம்பைத்தான் முதலில் போடுகிறோம், பிறகு ப, பிறகு கால். கண் படிப்பதும் அந்த வரிசையில்தான். ஆகவே தமிழில் மாஸ்க் கண்ணின் வரிசையில் நகர வேண்டும், விசைப்பலகையின் வரிசையில் நகரக் கூடாது. எழுத்தை உருவமாக்கிவிட்டால் விசைப்பலகை வரிசை செத்துவிடுகிறது, இடமிருந்து வலம் என்ற வரிசை மட்டும் மிஞ்சுகிறது.

அனிமேட்டிலேயே தட்டச்சு செய்து, கண்ட்ரோல் பி அடித்து உடைத்தால் போதாதா என்று கேட்கலாம். ஆங்கிலத்துக்குப் போதும். முதல் முறை அடித்தால் தனித்தனி எழுத்து, இரண்டாம் முறை அடித்தால் வெறும் உருவம். தமிழில் எழுத்துகளை இணைத்து உரு அமைக்கும் பொறுப்பை அந்தக் கட்டளையிடம் விட நான் சொல்ல மாட்டேன். வரைகலை மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரில் செய்துகொண்டு வாருங்கள். அங்கே பிரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய் 'ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு பாராகிராஃப் பேனலின் மெனுவில் மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன் கம்போசரை வையுங்கள். சோதிக்க 'கொ', 'ஸ்ரீ' இரண்டையும் தட்டுங்கள். ஸ்ரீ என்பது 4 குறியீடுகள் சேர்ந்து ஒரே உருவமாவது. அது ஸ், ரீ என்று பிரிந்து நின்றாலோ, கொம்புக்குப் பக்கத்தில் புள்ளியிட்ட வட்டம் தெரிந்தாலோ உரு அமைப்பு வேலை செய்யவில்லை என்று அர்த்தம். சரியாக வந்தால் கண்ட்ரோல் ஷிஃப்ட் ஓ அடித்து அவுட்லைன், அதாவது வெறும் உருவம், ஆக்குங்கள். காசு செலவில்லாத வழி இங்க்ஸ்கேப். அதில் தமிழ் உரு அமைப்புக்குத் தனியாக எதையும் மாற்ற வேண்டியதில்லை. எழுத்தைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் ஷிஃப்ட் சி அடித்தால் பாதையாகிவிடும், எஸ்விஜி கோப்பாகச் சேமித்து உள்ளே கொண்டுவரலாம். அவுட்லைன் ஆக்கிய பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது. ஆகவே தட்டச்சு வடிவத்தை ஒரு பிரதி தனியாக வைத்துக்கொள்வது கட்டாயம்.

அச்சகத்திலிருந்து பாமினி போன்ற பழைய எழுத்துருவில் கோப்பு வந்தால் நிலைமை வேறு. அங்கே கொ என்பதே கொம்பு, க, கால் என்று 3 விசைகளாகக் கண்ணின் வரிசையில் தட்டப்பட்டிருக்கும், ஆகவே உடைத்தாலும் வரிசை கலையாது. ஆனால் அதை யூனிகோடு எழுத்துருவுக்கு அப்படியே மாற்றினால் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக் குறிகளும்தான் தெரியும். மாற்றுவதாக இருந்தால் குறியீட்டு மாற்றி வழியாக மாற்றிவிட்டு ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. எழுத்துக்குள் படம் ஓட வேண்டும் என்றால் தடித்த கோடு வேண்டும். மும்பையில் இயங்கும் ஏக் டைப் எழுத்துரு நிறுவனம் வெளியிட்ட பலூ தம்பி இதற்கு நன்றாகப் பொருந்தும். உருண்டு திரண்ட எழுத்து, திறந்த உரிமத்தில் கிடைக்கிறது. அதே நிறுவனத்தின் முக்த மலர் மெலிந்தது. அது செவ்வகத்தால் வெளிப்படுத்தும் வேலைக்கு நல்லது, படம் ஓட்டுவதற்கு ஆகாது. எடையை இழுத்து மாற்றக்கூடிய வேரியபிள் எழுத்துருக்களில் சில எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பல துண்டுகளால் ஆனவை. அவுட்லைன் ஆக்கி அனிமேட்டுக்குள் கொண்டுவந்தால் அந்த ஏறுமிடங்கள் வெள்ளை ஓட்டையாகத் தெரியக்கூடும். வெளியே இருக்கும்போதே யூனியன் கட்டளையால் ஒன்றாக்கிவிடுங்கள். செய்த பிறகு ண, ஞ, ழ, இ ஆகியவற்றின் சுழிகளுக்குள் இருக்க வேண்டிய வெற்றிடம் அடைபடாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எழுத்துக்குள் படம்

புதிய கோப்பில் முதல் வேலை ஃப்ரேம் வேகம், அதாவது ஒரு விநாடிக்கு எத்தனை படம் என்பது. தொலைக்காட்சிக்குப் போவதென்றால் 25. பாதி வேலைக்குப் பிறகு இதை மாற்றினால் கணக்கு முழுவதும் குலையும். மேடையின் அளவு தொலைக்காட்சிக்கு 1920க்கு 1080, கைப்பேசி ஸ்டேட்டஸுக்கு 1080க்கு 1920.

கீழ் லேயரில் படத்தை வையுங்கள். மேல் லேயரில் எழுத்துருவத்தை வையுங்கள். மேல் லேயரின் பெயர்மேல் வலது சொடுக்கி 'மாஸ்க்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் கீழ் லேயர் தானே உள்ளே தள்ளி நிற்கும், இரண்டும் பூட்டப்படும். பூட்டு இருந்தால்தான் மேடையில் விளைவு தெரியும். திருத்துவதற்காகப் பூட்டைத் திறந்தவுடன் மாஸ்க் போய்விட்டது என்று பலர் பதறுவார்கள். போகவில்லை. கண்ட்ரோல் என்டர் அடித்து ஓட்டிப் பார்த்தால் பூட்டு திறந்திருந்தாலும் வேலை செய்யும்.

இங்கே அதிகம் நடக்கும் கோளாறு, சொல் முழுவதற்கும் பதிலாக ஒரே ஒரு எழுத்துக்குள் மட்டும் படம் தெரிவது. காரணம், மாஸ்க் லேயர் ஒரே ஒரு பொருளைத்தான் ஏற்கும். வெளியிலிருந்து வந்த அவுட்லைன் குழுக்களாக வந்திருக்கும், 8 குழு என்றால் 8 பொருள். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, புள்ளி புள்ளியாக நிரம்பிய வெறும் உருவமாகும் வரை கண்ட்ரோல் பி அடியுங்கள். சில கோப்புகளுக்கு ஒரு முறை போதும், சிலவற்றுக்கு 3 முறை வேண்டியிருக்கும். மாஸ்க்கையே நகர்த்த வேண்டுமானால் உருவங்கள் முழுவதையும் எஃப் 8 அடித்து ஒரே சிம்பலாக்குங்கள், அதாவது ஒரே பொருளாக.

இன்னொன்று: மாஸ்க் லேயரில் வண்ணம், நிறம் படிப்படியாக மாறும் கிரேடியன்ட், ஒளிபுகும் தன்மை, கோடு எதற்கும் மதிப்பில்லை. நிரப்பிய பரப்பு மட்டுமே கணக்கு. எழுத்தைச் சுற்றிக் கோடு போட்டு எடுப்பாகக் காட்ட நினைத்தால் அந்தக் கோடு மாயமாகிவிடும். கோடும் ஓட்டையாக வேண்டும் என்றால் மாடிஃபை மெனுவில் ஷேப்புக்குள் இருக்கும் 'கன்வெர்ட் லைன்ஸ் டு ஃபில்ஸ்' மூலம் அதைப் பரப்பாக மாற்ற வேண்டும். எழுத்துக்கு வெளிக்கோடு தெரிய வேண்டும் என்றால் உருவத்தை நகலெடுத்து, மாஸ்க்குக்கு மேலே ஒரு சாதாரண லேயரில் கண்ட்ரோல் ஷிஃப்ட் வி அடித்து அதே இடத்தில் ஒட்டி, இங்க் பாட்டில் கருவியால் கோடு போட்டு, உள்நிரப்பை அழித்துவிடுங்கள். இந்த வெளிக்கோடு பெரும்பாலும் தேவைப்படும். உள்ளே ஓடும் படத்தின் ஒரு மூலை பின்னணியின் நிறத்தோடு ஒத்துப்போனால் அந்த நேரத்தில் அந்த எழுத்து கரைந்துவிடும். சரியாக அந்த நேரத்தில் அழிவது புள்ளியாக இருந்தால் சொல்லே மாறிவிடும்.

படத்தின் அகலத்துக்கு ஒரு கணக்கு உண்டு. சொல் 1200 பிக்சல், படம் 200 பிக்சல் நகரப்போகிறது என்றால் படம் குறைந்தது 1400 இருக்க வேண்டும். குறைந்தால் கடைசி எழுத்து ஓட்டத்தின் முடிவில் காலியாகும். வேகம் ஃப்ரேமுக்கு 2 பிக்சல் போதும். பொங்கிவழியும் பானை முழுவதையும் எழுத்துக்குள் காட்ட ஆசைப்படாதீர்கள். எழுத்தின் கோடு 60 பிக்சல் தடிமன்தான் என்றால் பானை எது, அடுப்பு எது என்று யாருக்கும் தெரியாது. நுரை, மஞ்சள் கொத்தின் இலை, கரும்பின் கணு, பச்சரிசி என்று எந்தத் துண்டைப் பார்த்தாலும் பொருள் புரியும் பரப்புகளைத் தேர்ந்தெடுங்கள்.

எழுத்தைத் திறந்து காட்டுதல்

இரண்டாவது வேலையில் எழுத்துருவம் கீழ் லேயர், செவ்வகம் மாஸ்க் லேயர். 'பொங்கலோ' மேடையில் 100ஆம் பிக்சலில் தொடங்கி 1020இல் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம்: பொ 100 முதல் 400, ங் 560 வரை, க 700 வரை, லோ 1020 வரை. செவ்வகத்தைச் சிம்பலாக்கி, முதல் ஃப்ரேமில் சொல்லுக்கு இடப்பக்கம் முழுவதும் வெளியே வைத்து, 24ஆம் ஃப்ரேமில் எஃப் 6 அடித்து கீஃப்ரேம் (நிலை மாறும் இடத்தைக் குறிக்கும் ஃப்ரேம்) வைத்துச் சொல்லை மூடும் இடத்துக்கு நகர்த்தி, நடுவே இடைநிலைகளைத் தானே நிரப்பும் கிளாசிக் ட்வீன் கொடுங்கள். இரண்டு கீஃப்ரேமுக்கும் இடையே 23 இடைவெளி, 920 பிக்சல், ஆக ஃப்ரேமுக்கு 40 பிக்சல்.

வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஈஸ் எதுவும் கொடுக்காதவரை இது நன்றாக இருக்கும். லோ-வின் கால் ஏறக்குறைய 100 பிக்சல் அகலம் என்றால், அது வெளிப்படும் முன் 'பொங்கலே' என்று தெரிகிற நிலை 2, 3 ஃப்ரேம்தான். யாரும் படிக்க மாட்டார்கள். ஈஸ் அவுட் 100 கொடுத்தவுடன் கதை மாறுகிறது. கடைசியில் வேகம் குறைவதால் அந்தக் கால் வர 7, 8 ஃப்ரேம் ஆகிறது. 'பொங்கலே' என்று நின்று, தயங்கி, பிறகு 'பொங்கலோ' ஆகிறது. பார்ப்பவர் படித்தே விடுவார். சொல்லின் கடைசி எழுத்து ஒகர, ஓகார வரிசையாக இருக்கும் எல்லாத் தலைப்புக்கும் இது பொருந்தும். தீர்வு எளிது: செவ்வகத்தைச் சொல்லின் முடிவில் நிறுத்தாதீர்கள், 200 அல்லது 250 பிக்சல் தாண்டிப் போக விடுங்கள். ஈஸின் மெதுவான பகுதி வெற்றிடத்தில் கழிந்துவிடும். செவ்வகமும் அந்த அளவுக்கு நீளமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தாண்டிப் போகும்போது முதலெழுத்து மறைய ஆரம்பிக்கும்.

தட்டச்சுப் பொறி போல எழுத்து எழுத்தாக வர வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டால் ட்வீன் வேண்டாம். செவ்வகத்தைச் சொல்லின் இடது விளிம்பில் பொருத்தி, அகலத்தை மட்டும் 300, 460, 600, 920 என்று 4 படியாக மாற்றுங்கள். 1, 5, 9, 13ஆம் ஃப்ரேம்களில் கீஃப்ரேம். 16 ஃப்ரேமில் சொல் முடியும், அதாவது 0.64 விநாடி. எல்லைக்கோடுகளை ரூலரிலிருந்து இழுத்து முதலிலேயே வைத்துக்கொண்டால் கொம்புக்கும் ப-வுக்கும் நடுவே படி விழாது. ஆயத்த அசைவு தடுமாறிய அதே இடத்தை இந்த 4 கீஃப்ரேம் தமிழ் எழுத்தெண்ணிக்கைப்படியே கடக்கிறது. இதைவிடச் சுத்தமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

செங்குத்தாகத் திறக்கும்போது எச்சரிக்கை வேண்டும். கீழிருந்து மேலாகத் திறந்தால் புள்ளி கடைசியில் வரும், அதுவரை 'கண்' என்பது 'கண'. இகர, ஈகாரக் கொக்கிகளும் தாமதமாகவே முழுமை பெறும். மெய்யெழுத்து நிறைந்த தமிழ்ச் சொல்லுக்கு இது ஒரு குறைதான். திறந்தே ஆக வேண்டும் என்றால் மேல் கால்பகுதியை 3 அல்லது 4 ஃப்ரேமுக்குள் கடக்க விடுங்கள்.

இப்போது தொடக்கத்தில் சொன்ன 'தாமான' விவகாரம். அடியிலிருந்து எழும் அசைவில் செவ்வகம் அசையாது. எழுத்துருவம்தான் செவ்வகத்துக்குக் கீழே ஒளிந்திருந்து 12 ஃப்ரேமில் மேலே வந்து நிற்கும். ஆங்கிலத்தில் வரும் தலைப்பு முழுவதும் பெரிய எழுத்தாக இருந்தால் கீழே தொங்கும் வால்கள் இருக்காது, அதனால் பெட்டியை அடிக்கோட்டிலேயே வெட்டியிருப்பார்கள். தமிழில் கீழே ர, ரு, ழு, கூ, மேலே புள்ளி, கொக்கி என்று இரு பக்கமும் இடம் வேண்டும். எழுத்தளவு 100 என்றால் பெட்டி உயரத்தை 160இல் தொடங்குங்கள். 'ஸ்ரீ ஞீ ழூ ரு கூ க்' என்ற சரத்தை அதே எழுத்துருவில் அவுட்லைனாக்கி உள்ளே வைத்துப் பாருங்கள். மேலும் கீழும் 5 பிக்சல் இடைவெளி மிஞ்சும் அளவுக்குப் பெட்டியைக் குறைத்துக்கொள்ளலாம். இரண்டு வரித் தலைப்பு என்றால் ஒவ்வொரு வரிக்கும் தனி மாஸ்க் லேயர் வேண்டும். முதல் வரியின் பெட்டி உயரமானதால் இரண்டாம் வரியின் புள்ளிகள் அதற்குள் எட்டிப் பார்க்கும். வரி இடைவெளியை எழுத்தளவில் 140 சதவீதமாக வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

இந்தி மூலத்திலிருந்து வரும் இன்னொரு அசைவு: முதலில் ஒரு தலைக்கோடு இடமிருந்து வலமாக ஓடும், பிறகு எழுத்துகள் அந்தக் கோட்டிலிருந்து கீழே இறங்கும். தேவநாகரிக்கு அது இயல்பு, அழகும்கூட. தமிழில் தலைக்கோடு கிடையாது. கோட்டை அப்படியே விட்டுவிட்டுத் தமிழை இறக்கினால் புள்ளிகள் கோட்டில் ஒட்டிக் காணாமல் போகும். கோட்டை அடிக்குக் கொண்டுபோய், வால்களுக்கும் கீழே 10 பிக்சல் விட்டு வையுங்கள், எழுத்து அதிலிருந்து எழட்டும். மூலத்தின் சாயலும் இருக்கும், சொல்லும் பிழைக்கும். மூலப் பதிப்பின் இயக்குநரிடம் காரணத்தைச் சொல்லிக் காட்டினால் ஒப்புக்கொள்வார்கள்.

வட்டம் உருமாறி எழுத்தாகும் ஷேப் ட்வீன் மாஸ்க்கைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. எந்தப் புள்ளி எந்தப் புள்ளியாக மாற வேண்டும் என்று காட்டும் ஷேப் ஹின்ட் 26 வரை வைக்கலாம், இடது மேல் மூலையிலிருந்து கடிகாரச் சுற்றுக்கு எதிர்த்திசையில் வைத்தால் நன்றாக வேலை செய்யும். என்ன வைத்தாலும் சுழி உள்ள எழுத்துகள் நடுவழியில் முறுக்கிக்கொள்ளும். எழுத்தை உருமாற்றாதீர்கள். ஒரு குமிழியை உருமாற்றி, அதன் வழியாக எழுத்தைக் காட்டுங்கள்.

அனிமேட்டின் மாஸ்க் விளிம்பு கத்தி போல வெட்டும், மென்மையாக மங்காது. பின்னணி ஒரே நிறமாக இருந்தால் ஒரு வழி உண்டு. பின்னணி நிறத்திலேயே, முழு அடர்த்தியிலிருந்து சுழியம் வரை மங்கும் 120 பிக்சல் கிரேடியன்ட் பட்டை ஒன்றை மாஸ்க்குக்கு மேலே சாதாரண லேயரில் வைத்து, செவ்வகத்தின் முன்விளிம்போடு அதே கீஃப்ரேம்களில் நகர்த்துங்கள். பின்னணியில் படம் இருந்தால் இது பட்டை பட்டையாகத் தெரியும், அப்போது ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்குப் போவதே மேல். இணையத்தில் அனிமேட்டின் பழைய பெயரான ஃபிளாஷ் காலத்துப் பாடங்கள் இன்னும் கிடக்கின்றன. ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31 உடன் முடிந்தது, அதன் நிரல் மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 2ஐ 2013ஆம் ஆண்டின் பதிப்பிலேயே கைவிட்டுவிட்டார்கள். அந்தப் பாடங்களில் லேயர் பற்றிச் சொன்னது இன்றும் செல்லும், நிரல் வழியே மாஸ்க் போடச் சொன்னதை விட்டுவிடுங்கள்.

கையெழுத்து போல

ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் இதே வேலைக்கு டிராக் மேட் என்று பெயர். ஆல்ஃபா மேட் ஒளிபுகும் தன்மையைப் பார்க்கும், லூமா மேட் வெளிச்சத்தைப் பார்க்கும். பழைய பதிப்புகளில் மேட் லேயர் நேர் மேலே இருந்தாக வேண்டும். 2023 பதிப்பிலிருந்து எந்த லேயரை வேண்டுமானாலும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கலாம், ஒரே மேட்டைப் பல லேயர்கள் பகிரலாம். தமிழைத் தட்டுவதற்கு முன் பிரிஃபரன்சஸில் டைப் பகுதியில் எழுத்து இயந்திரம் தெற்காசிய வகையில் இருக்கிறதா என்று பாருங்கள், மாற்றியிருந்தால் எழுத்தைப் புதிதாகத் தட்டுங்கள். டெக்ஸ்ட் அனிமேட்டரின் ரேஞ்ச் செலக்டரில் 'கேரக்டர்ஸ்' என்பதை 'வேர்ட்ஸ்' ஆக்கினால் எழுத்துச் சிதைவு இல்லாமல் சொல் சொல்லாக வரும். எழுத்து எழுத்தாகவே வேண்டும் என்றால் 'கிரியேட் ஷேப்ஸ் ஃப்ரம் டெக்ஸ்ட்' செய்து, கொம்பு, ப, கால் மூன்றையும் கண்ட்ரோல் ஜி மூலம் ஒரே குழுவாக்கிவிட்டு அசையுங்கள்.

பேனா எழுதுவது போன்ற அசைவுக்கு, எழுத்தின் நடுக்கோட்டில் பென் கருவியால் பாதை வரைந்து ஸ்ட்ரோக் எஃபெக்டில் பெயின்ட் ஸ்டைலை 'ரிவீல் ஒரிஜினல் இமேஜ்' ஆக வைத்து, எண்ட் மதிப்பை 0இலிருந்து 100க்கு ஓட்டுவது வழக்கம். 'ஆல் மாஸ்க்ஸ்', 'ஸ்ட்ரோக் சீக்வென்ஷியலி' இரண்டையும் தேர்ந்தெடுத்தால் பாதைகள் டைம்லைனில் இருக்கும் வரிசைப்படி ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். தூரிகையின் அகலம் எழுத்தின் மிகத் தடித்த இடத்தைவிட 15 சதவீதம் கூடுதலாக இருக்கட்டும். கோடு 40 பிக்சல் என்றால் தூரிகை 46. குறைந்தால் ஓரங்களில் மீசை போலத் துணுக்குகள் மிஞ்சும். கூடினால் பக்கத்துச் சுழியும் சேர்ந்து திறந்துவிடும். ண, ஞ போன்ற எழுத்துகளில் சுழிகள் நெருக்கமாக இருப்பதால் இந்தக் கூடுதல் உடனே கண்ணில் படும். அங்கே தூரிகையைச் சிறிதாக்கிப் பயனில்லை, எழுத்தைத்தான் வெட்ட வேண்டும். கோடு தன்னையே கடக்கும் அல்லது உரசும் இடத்தில் எழுத்தை 2 துண்டாக்கி, 2 லேயரில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனிப் பாதை கொடுங்கள். முதல் துண்டின் பாதை முடியும் ஃப்ரேமில் இரண்டாவது தொடங்கட்டும். வெட்டிய இடத்தில் மயிரிழை போல வெள்ளைக்கோடு தெரிந்தால், துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று 2 பிக்சல் ஏறும்படி வெட்டுங்கள்.

பாதையின் திசையை நீங்களே ஒரு தாளில் எழுதிப் பார்த்து முடிவு செய்யுங்கள். கொம்பு முதலில், உடல் அடுத்து, கால் அதன் பிறகு. புள்ளிக்குத் தனிப் பாதை, எழுத்து முடிந்ததும் 1 ஃப்ரேம் இடைவெளி விட்டு 2 ஃப்ரேமில் வந்து விழ வேண்டும். சொல் முழுவதையும் எழுதிவிட்டுக் கடைசியில் எல்லாப் புள்ளிகளையும் வைப்பது சிலருடைய கைப்பழக்கம். திரையில் அது வேண்டாம், படிப்பவருக்கு நடுவில் சொல் தவறாகத் தெரியும்.

வெளியேற்றும்போது கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். அனிமேட்டில் மாஸ்க்குக்குள் அசைவு உள்ள சிம்பல் இருந்தால் அதை கிராஃபிக் வகையாக வையுங்கள். மூவி கிளிப் ஆக வைத்தால் டைம்லைனை இழுத்துப் பார்க்கும்போது அசையாது, நாதஸ்வரத்தோடு எழுத்தைப் பொருத்த முடியாது. எம்பி4 ஆக்க மீடியா என்கோடர் வேண்டும். வாட்ஸ்அப்பில் போகும் வீடியோ மறுபடியும் சுருக்கப்படும் என்பதால் எழுத்துக்குள் ஓடும் நுணுக்கமான படம் கட்டம் கட்டமாக உடையும். அந்தப் பதிப்புக்கு மட்டும் உள்படத்தைச் சற்று மங்கலாக்கி, வேகத்தை ஃப்ரேமுக்கு 1 பிக்சலாகக் குறைத்துத் தனியாக ஒரு கோப்பு எடுங்கள்.

அனுப்பும் முன் ஒலியை நிறுத்திவிட்டு, டைம்லைனை முழு எழுத்தும் தெரிகிற முதல் ஃப்ரேமில் நிறுத்துங்கள். அங்கிருந்து பின்னோக்கி ஒவ்வொரு ஃப்ரேமாகப் போய், தெரிகிற வரை வாய்விட்டுப் படியுங்கள். ஒரே தவறான சொல் தொடர்ந்து 4 ஃப்ரேமுக்கு மேல் படிக்கக் கிடைத்தால் அந்த இடத்தில் மாஸ்க்கை வேகப்படுத்துங்கள். பிறகு சொல் முழுதாகத் தெரிந்து நிற்கும் நேரத்தை எண்ணுங்கள். ஆங்கிலத்துக்கு 30 ஃப்ரேம் வைத்திருப்பார்கள். தமிழில் அதே செய்தி நீளும், 50 ஃப்ரேம் கேளுங்கள். மொத்த நீளம் மாற முடியாது என்று சொன்னால், திறக்கும் அசைவிலிருந்து 10 ஃப்ரேமை எடுத்து நிற்கும் நேரத்தில் சேருங்கள்.